முதலில் சாவி

போன மாதம் ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது திவ்யா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டில் இப்போது நர்ஸாக இருக்கிற பெண். எஸ்டேட்டுக்குப் புதிதாகக் குட்டி டிராக்டர்களும் புல் வெட்டும் மிஷின்களும் வந்திருக்கின்றனவாம். தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மிஷின்ல ஆள் மாட்டுனா மொதல்ல என்ன பண்ணணும்னு ஒரே வரியில சொல்லுங்கம்மா. போர்டுல எழுதிக்கிறேன்" என்றாள்.

"சாவிய எடுத்து உன் பையில போட்டுக்க" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேஷண்ட்டப் பாக்க வேண்டாங்களா?"

"அது ரெண்டாவது கண்ணு."

கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். ஒரே வரி கேட்டாள், கொடுத்துவிட்டேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வரி போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் தாத்தா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர். அப்பா இதே எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடித்தார். நான் சேலத்தில் நர்ஸ் படிப்புப் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், ஊசிகளைக் கொதிக்க வைத்தேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், பாஸானேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை கிடைத்து மலைக்குத் திரும்பியபோது, என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த பெண்களே "நர்ஸம்மா" என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பிடித்துப்போய்விட்டது.

அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. நான் நல்ல நர்ஸ். ரத்தத்தைப் பார்த்துக் கை நடுங்காது, கூட்டத்தைப் பார்த்துக் குரல் நடுங்காது. இந்த இரண்டும் பிறவியிலேயே வந்தவை. மற்றதையெல்லாம் டாக்டர் வையாபுரி என் தலையில் ஏற்றினார்.

நான் சேர்ந்த புதிதில் எஸ்டேட் காயம் என்றால் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்டது, அட்டை கடித்தது, நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவன் விழுந்தது, இவ்வளவுதான். டிராக்டர் வந்த பிறகு காயத்தின் முகமே மாறிப்போயிற்று. கத்தி பட்டால் பட்ட இடத்தோடு முடிந்துவிடும். மிஷின் அப்படி விடாது. விரலைப் பிடித்தால் கையைக் கேட்கும், கையைப் பிடித்தால் ஆளைக் கேட்கும். இஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் கம்பி எதிர்த்தடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் வந்தார்கள். மரம் ஏற்றிய டிரெய்லர் சரிவில் பின்னால் உருண்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனவனின் பாதத்தில் ஏறியது. காப்பிப் பழம் உரிக்கும் மிஷினில் நகத்தோடு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு, அதை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "இத ஒட்டிக் குடுங்க நர்ஸம்மா" என்றவரும் உண்டு.

டாக்டர் வையாபுரி கோபிப் பக்கத்துக்காரர். பல எஸ்டேட்டுகளுக்குப் பொதுவாக ஏற்காட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. எங்கள் டிஸ்பென்சரிக்கு வாரத்தில் சில நாள் வருவார். குள்ளமான, உருண்டையான மனிதர். கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப்போடு எப்போதும் வறுத்த நிலக்கடலை இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். மனம் குளிர்ந்திருந்தால் நான் "கண்ணு." கொஞ்சம் அதிருப்தி என்றால் "சிஸ்டர்." நன்றாகக் கோபம் வந்துவிட்டால் "சிஸ்டருங்க, தாங்கள் கொஞ்சம் தயவு பண்ணி இந்தக் கட்டை அவுத்துட்டு மறுபடியும் போடறீங்களா?" என்பார். அந்தத் 'தாங்கள்' காதில் விழுந்தால் நான் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை எஸ்டேட் மேனேஜரிடமே "ஐயா அவர்கள்" என்று ஆரம்பித்தார். மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் தன் ஜீப்பை நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்.

மிஷின் விபத்து என்று ஆள் ஓடிவந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "சாவி யாருகிட்ட இருக்குதுங்க?" என்பதுதான். நோயாளி யார், எங்கே அடி, எவ்வளவு ரத்தம் என்பதெல்லாம் அப்புறம். சேர்ந்த முதல் மாதம் எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார். "கண்ணு, மிஷின்ல மாட்டுனவனப் பாத்தா சுத்தி நிக்கறவன் ஒருத்தனுக்கும் புத்தி வேலை செய்யாது. ஒருத்தன் ஸ்டார்ட் பண்ணும்பான், ஒருத்தன் தள்ளும்பான். நீ உள்ளார கைய விட்டுக்கிட்டு இருக்கையில எவனோ சாவியத் திருகிப்போட்டா, எனக்கு ஒண்ணுக்கு ரெண்டு பேஷண்ட்டு. நர்ஸு ஒருத்தி குறைவு. இதுல எனக்கு என்ன லாபம்?"

அப்புறம் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் டிராக்டரின் மேல் ஏற்றி உட்கார வைத்தார். டீசல் வண்டியில் சாவியைத் திருகினால் மட்டும் இஞ்சின் நிற்காது, ஸ்டாப் குமிழை இழுக்க வேண்டும். அதை இழுக்க வைத்தார். பின்னால் சுழலும் ஷாஃப்டைத் துண்டிக்கும் லீவரைத் தள்ள வைத்தார். நிறுத்து, துண்டி, சாவியை உருவு, பையில் போடு, அப்புறம் கீழே குனிந்து ஆளைப் பார். நர்ஸம்மா டிராக்டர் ஓட்டப் பழகுகிறாள் என்று ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் அர்த்தநாரி மட்டும் சிரிக்கவில்லை. தன் வண்டியை வேறு ஒருத்தர் தொடுவது அவனுக்குப் பிடிக்காது.

அர்த்தநாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி வருவது அவன் கதையும்தான். எஸ்டேட்டிலேயே பிறந்தவன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன். அந்தச் சிவப்பு டிராக்டரை அவன் துடைத்த துடைப்பில் பெயிண்ட் தேய்ந்திருக்கும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கை பழனியம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். அவளும் இதே எஸ்டேட்டில் பழம் பறித்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் அண்ணன் தங்கை இரண்டு பேர் சத்தமும் கோயில் வரைக்கும் கேட்கும், அப்படிச் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். கத்தி, மண்வெட்டி, மிஷின், ஜீப் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிடுவோம். டிஸ்பென்சரியில் என் கத்தரிக்கோலுக்கும் பொட்டு உண்டு. டிராக்டரில் பின்னால் சுழலும் ஷாஃப்டின் மேல் ஒரு தகர மூடி இருக்கும். மருந்தடிக்கும் பம்பை ஓட்டுவது அந்த ஷாஃப்ட்தான். பூஜைக்கு முதல் நாள் அந்த மூடியைக் கழற்றி ஷெட்டின் மூலையில் சாத்திவிடுவார்கள். உழைக்கிற இரும்பு ஷாஃப்ட், அதன் முகத்தை மூடிவைத்துவிட்டுத் தகரத்துக்கா பொட்டு வைப்பது என்பது எல்லாருடைய எண்ணமும். பொட்டு வைத்த பிறகு அதன் மேல் உடனே மூடியைப் போட்டு அழுத்தவும் மனம் வராது. குங்குமம் தானாக உதிர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வருடா வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு வருடமும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் ஆபத்தாகப் போயிற்று.

அந்த வருடம் பூஜை முடிந்த கையோடு மழை கண்ணாமூச்சி ஆடியது. செடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை, மழை விட்ட இடைவெளியில் அடித்து முடிக்க வேண்டும். டிராக்டரை மேட்டில் நிறுத்தி, ஷாஃப்டில் பம்பை மாட்டி, நீளக் குழாய்களில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பழனியம்மா மருந்து கலக்கும் டிரம்முக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் வேலையில் இருந்தாள். தூறல் போட்டதால் எல்லாப் பெண்களையும் போலக் கொங்காணி போட்டிருந்தாள். சாக்கை மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்து, முதுகு வரை விட்டு, காற்றில் பறக்காமல் இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வது.

உறிஞ்சும் குழாயில் இலை அடைத்துக்கொண்டது. எடுத்துவிடக் குனிந்தாள். தொங்கிய கயிற்று நுனியை ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சாக்கைப் பிடித்து இழுத்தாள். அது அவள் வலது கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது.

நல்லவேளை, சாக்கு நைந்த சாக்கு. கிழிந்து இடுப்பை விட்டது, ஆளை இழுக்கவில்லை. கத்தல் கேட்டு, குழாய் நீட்டப் போயிருந்த அர்த்தநாரி ஓடிவந்து ஸ்டாப் குமிழை இழுத்துவிட்டான். டிஸ்பென்சரி அங்கிருந்து ஒரு திருப்பம்தான். ஆள் வந்து சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் பார்த்த காட்சி இது. பழனியம்மா மண்டியிட்டு டிராக்டரின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். முழங்கை வரை சாக்கும் சேலைத் தலைப்பும் சேர்ந்து கை ஷாஃப்டோடு இறுகியிருக்கிறது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிப் பெருங்கூட்டம். அர்த்தநாரி சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியில் கை வைத்திருக்கிறான்.

"ரிவர்ஸ் போட்டா விட்டுருமுங்க நர்ஸம்மா! ஒரே ஒரு சுத்து, எடுத்தர்றனுங்க!"

"ஸ்டார்ட் பண்றா, நிக்கறயே!" என்று கூட்டம் கத்தியது.

ரிவர்ஸ் கியர் சக்கரத்தைத்தான் பின்னால் ஓட்டும். ஷாஃப்ட் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். இது அர்த்தநாரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு நாளாக இருந்தால் அவனே மற்றவனுக்குச் சொல்லித்தந்திருப்பான். ஆனால் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது அவன் தங்கை.

நான் பழனியம்மாவைத் தாண்டிப் போனேன். "நர்ஸம்மா" என்று அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. டிராக்டரில் கால் வைத்து ஏறி, அர்த்தநாரியின் விரல்களைப் பிரித்து, சாவியை உருவி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஷாஃப்ட் லீவரைத் தள்ளித் துண்டித்தேன்.

கூட்டத்தில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "பொம்பள அங்க சாகக் கெடக்கறா, இவ சாவியப் புடுங்கிக்கிட்டு நிக்கறா பாரு!"

பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன், அந்தச் சாவி அவன் கையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால், பழனியம்மாவின் கை தோளோடு போயிருக்கும்.

அர்த்தநாரியைச் சட்டையைப் பிடித்து இறக்கினேன். அவனைச் சும்மா நிற்க விட்டால் விழுந்துவிடுவான் என்று தெரிந்தது. "இந்த ஷாஃப்டக் கையால பின்னாடி திருப்ப உன்னாலதான் முடியும். ரெண்டு கையாலயும் புடி. நான் சொன்னாத்தான் அசைக்கோணும். சொல்லாம ஒரு நூல் அசைச்ச, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

பிடித்தான். நான் கத்தரிக்கோலால் சேலையை வெட்டினேன். சாக்குக்குக் கத்தரிக்கோல் மசியவில்லை. ஒரு பெண் கவாத்துக் கத்தியை நீட்டினாள். அதில் பூஜைக் குங்குமம் அப்படியே இருந்தது. சாக்கை ஒரு சுற்று அறுப்பேன், "திருப்பு" என்பேன், அவன் இம்மி இம்மியாகத் திருப்புவான், "நிறுத்து" என்பேன். பழனியம்மா என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணா, மெதுவா... மெதுவா" என்று அவள்தான் அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

கை வெளியே வந்தது. எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. முன்கை எலும்புகள் உடைந்திருந்தன, தோல் உரிந்திருந்தது, சுண்டு விரல் பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை. ரத்தம் கொப்பளித்தது. "கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்க!" என்று ஆள் கயிறோடு வந்தான். வேண்டாம் என்றேன். கொதிக்கவைத்த துணியை மடித்துக் காயத்தில் வைத்து என் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். ரத்தம் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் கட்டியிருப்பேன். அழுத்தினால் நிற்கிற ரத்தத்துக்குக் கயிறு போட்டால், மலை இறங்குவதற்குள் கீழே இருக்கிற விரல்கள் எல்லாம் செத்துப்போகும். டாக்டர் சொல்வார், "வெச்ச கைய எடுக்காதே. நின்னுருச்சான்னு எட்டிப் பாக்கற பாரு, அப்பத்தான் மறுபடி பீச்சும்." நான் எட்டிப் பார்க்கவில்லை. உடைந்த கைக்குக் கட்டை வைத்துக் கட்டுவதை மற்றவர்களை விட்டுச் செய்ய வைத்தேன்.

மேனேஜரின் ஜீப்பில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வையாபுரி வெளியே வந்து ஜீப்புக்குள் தலையை நீட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்.

"என் பையில இருக்குதுங்க டாக்டர்" என்றேன்.

தலையை ஆட்டினார். பழனியம்மாவின் கட்டை விரல் நகத்தை அழுத்தி, வெளுத்த நகம் சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது. ஆள்காட்டி விரலையும் பார்த்தார். வலிக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். "கைய எடுக்காத கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

சேலம் வரைக்கும் எடுக்கவில்லை. அந்த மலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் ஒரு பக்கமாகச் சாயும், நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சரிவோம். என் முதுகை ஒருவர் தாங்கிக்கொண்டே வந்தார். அது அர்த்தநாரி. பழனியம்மா தண்ணீர் கேட்டாள். ஆபரேஷன் நடக்கும், குடிக்கக் கூடாது என்று டாக்டர் பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தார். அவள் கண் சொருகும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தார். "ஏனுங்க பழனியம்மா, உங்க ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"எவ கண்டா... அடுப்பே பத்த வெக்கல" என்றாள். அடிவாரம் வந்தபோது என் கைகள் மரத்துப்போய், எது என் விரல், எது அவள் விரல் என்றே தெரியவில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் சர்ஜன் வந்து பார்த்தார். அவர் திறமைசாலி, நல்லவரும்கூட. காயத்தில் மண்ணும் சாக்குத் தும்பும் மருந்தும் ஏறியிருக்கிறது, அழுகினால் உயிருக்கே ஆபத்து, முழங்கைக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த பழனியம்மா சொன்னாள்.

"ஐயா, சுண்டு விரலு போனாப் போவுதுங்க. இந்த ரெண்டு வெரலு இருந்தாப் போதுமுங்க, நான் பழம் பறிச்சுக்குவேன். பழம் பறிக்கறது இந்த ரெண்டுதானுங்க." இடது கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினாள்.

டாக்டர் வையாபுரி சர்ஜனைப் பார்த்து, "கட்டை விரலும் ஆள்காட்டியும் சூடா இருக்குதுங்க. தாங்கள் மனசு வெச்சா..." என்று ஆரம்பித்தார். கோபம்தான் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அந்தத் 'தாங்கள்' கோபத்தில் வந்ததில்லை. அந்த மனிதர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சர்ஜன் மனசு வைத்தார். காயத்தைக் கழுவிக் கழுவி, நேரம் எடுத்துச் செய்தார். இரண்டு விரல்கள் போயின. நடு விரல் விறைத்துவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நின்றன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பழனியம்மா மலைக்குத் திரும்பியபோது காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

எஸ்டேட்டில் விசாரணை வந்தது. மூடியைக் கழற்றியது யார், டிரைவர்தானே என்று மேனேஜர் கேட்டார். டாக்டர் வையாபுரி அமைதியாகச் சொன்னார். "ஐயா அவர்களே, மூடி இல்லாத மிஷினுக்கு முன்னால நின்னு சூடம் தொட்டுக் கும்பிட்டது தாங்களும் நானுந்தானுங்க. பொரி கூட வாங்கிக்கிட்டோம்." அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அர்த்தநாரியை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவன்தான் தன்னை எடுத்துக்கொண்டான். சாவி என் கோட்டுப் பையிலேயே இருந்தது. நான் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாமுங்க. சேர்வராயன் சன்னதியில சத்தியம் பண்ணிட்டனுங்க. இனி அந்த வண்டியில ஏற மாட்டேன்."

ஆபீஸில் இருந்த மாற்றுச் சாவியை வைத்து வேறு ஆள் ஓட்டினான். அர்த்தநாரி களை கொத்தப் போனான். டிராக்டர் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். கட்டு மாற்ற வரும் பழனியம்மாவுக்கு இதில்தான் ஆத்திரம். கையைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் அழுததில்லை. "ஊட்டுக்குள்ளயே வர மாட்டேங்கறானுங்க நர்ஸம்மா. வாசல்லயே அரிசிய வெச்சுட்டுப் போயிர்றான். எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். கை போனது எனக்கு, செத்த மாதிரி திரியறது அவன்" என்பாள். காயத்துக்குக் கட்டுப் போடலாம், இதற்கு என்ன போடுவது?

விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். முதலில் பஞ்சு உருண்டை. அப்புறம் கிளையோடு ஒடித்துவந்த காப்பிப் பழம். பறிக்கப் பறிக்க நசுங்கும், திட்டுவேன், மறுபடி பறிப்பாள். பழம் சரியாக வந்த பிறகு, கோட்டுப் பையிலிருந்த டிராக்டர் சாவியை எடுத்து மேசையில் தட்டையாகப் போட்டேன். இரண்டு விரலால் தட்டையான இரும்பை மேசையிலிருந்து எடுப்பதுதான் கடைசிப் பரீட்சை. வழுக்கிக்கொண்டே போகும். பல மாதம் அது அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் எடுத்துவிட்டாள். எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "இது எங்கண்ணனோடதா?" என்றாள். ஆமாம் என்றேன். திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. எல்லாரும் ஷெட்டில் கூடியிருந்தோம். டாக்டரும் வந்திருந்தார். புது டிரைவர் ஸ்பேனரை எடுத்து மூடியைக் கழற்றக் குனிந்தான்.

"அதுல கைய வெக்காதே" என்றது ஒரு குரல். பழனியம்மா.

"பொட்டு வெக்கோணுமில்லக்கா?"

"மூடி மேலயே வை. உள்ளார என்ன இருக்குதுன்னு சாமிக்குத் தெரியும்."

அவளே சந்தனத்தைத் தொட்டு, அந்த இரண்டு விரலால் தகர மூடியின் மேல் பொட்டு வைத்தாள். பிறகு நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் எஸ்டேட்டில் பொட்டு மூடியின் மேல்தான். திவ்யா, நீ போய் உன் புதுக் குட்டி டிராக்டர்களைப் பார். அவற்றிலும் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால், எங்க வழக்கமுங்க என்பார்கள்.

பொட்டு வைத்த கையோடு என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். "அது எங்கீங்க நர்ஸம்மா?"

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நின்ற அர்த்தநாரியிடம் போனாள். அவன் கைகள் தானாகப் பின்னால் போயின. அவள் சாவியை அந்த இரண்டு விரலில் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"புடி."

"சத்தியம் பண்ணிருக்கறன் பழனி."

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ ஏறு."

அவன் அழுதுவிட்டான். எல்லார் முன்னாலும், சின்னப் பையன் மாதிரி. நானும் அழுதேன், டாக்டர் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பழனியம்மா மட்டும் அழவில்லை, கையை நீட்டியபடியே நின்றாள். அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது. சாவி கீழே விழப் போவதைப் பார்த்துத்தான் அர்த்தநாரி கையை நீட்டி வாங்கினான்.

ஏறினான். ஸ்டார்ட் பண்ணினான். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்டாப் குமிழை இழுத்தான், லீவரைத் தள்ளினான், சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் கீழே இறங்கி, ஒரு வருடம் கழித்து முதல்முறையாகத் தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தான்.